வெள்ளீயத்தின் வரலாறு – 7: கரண்டிக் குழியில் ஒரு முத்திரை

கார்ன்வால் சுரங்கங்களில் எடுத்த வெள்ளீயம் கட்டி கட்டியாக லண்டனுக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ட்ரூரோ, ஹெல்ஸ்டன், லிஸ்கர்ட் போன்ற ஊர்களில் ஒவ்வொரு கட்டியின் மூலையையும் வெட்டிச் சோதித்து, வரி வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திய பிறகே வெளியே விட்டார்கள். 1838 வரை இந்த முறை நீடித்தது. ஆனால் கட்டி பட்டறைக்குள் போய் உலையில் இறங்கியதும் அந்த முத்திரை உலோகத்தோடு சேர்ந்து உருகிவிடும். அதன் பிறகு அதில் எதைக் கலந்தார்கள், எவ்வளவு கலந்தார்கள் என்பதற்கு யார் பொறுப்பு? ஐந்நூறு ஆண்டுகளாக ஆங்கிலேயக் கைவினைஞர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். அவர்கள் கண்ட விடையைப் பார்க்க அரண்மனைத் தட்டுகளும் தேவாலயக் கிண்ணங்களும் வேண்டாம். சாதாரண வீட்டில் கிடந்த ஒரு பியூட்டர் கரண்டி போதும்.

பியூட்டர் என்பது வெள்ளீயம் மிகுந்த கலப்பு உலோகம். வெள்ளீயம் தனியாக இருந்தால் மிகவும் மெத்தென்று இருக்கும். கொஞ்சம் செம்பு சேர்ந்தால் இறுகும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆன்டிமனியும் சேர்க்கத் தொடங்கினார்கள். உலோகம் இன்னும் கடினமானது, மினுக்கமும் கூடியது. மூன்றாவதாக ஒரு சரக்கும் உண்டு: காரீயம். அது மலிவு. சேர்க்கச் சேர்க்கத் தயாரிப்பவரின் செலவு குறையும். பொருளின் நிறம் மங்கும், உறுதி போகும், உடலுக்கும் கேடு. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை அடுப்பில் வெறுமனே விட்டால் உருகி ஒழுகிவிடும் என்பது பாட்டிகளுக்குத் தெரியும். பியூட்டரும் அப்படித்தான். சுமார் 230 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும் இந்த உலோகத்தை விறகு நெருப்பே உருக்கிவிடும். அதனால் வார்ப்பதும் எளிது, கலப்படம் செய்வதும் எளிது.

மரக்கரண்டி போய் ஈயக்கரண்டி

எசெக்ஸ் மாவட்டத்தில் ராட்வின்டர் என்ற கிராமத்தின் பாதிரியாராக இருந்தவர் வில்லியம் ஹாரிசன். 1577-இல் வெளியான இங்கிலாந்து பற்றிய வருணனையில், தம் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்திலேயே கண்ட மூன்று பெரிய மாற்றங்களை அவர் பதிவு செய்கிறார். வீடுகளில் புகைபோக்கிகள் பெருகின, படுக்கைகள் வசதியாயின, மரத்தட்டுகள் இருந்த இடத்தில் பியூட்டர் தட்டுகளும், மரக்கரண்டிகள் இருந்த இடத்தில் வெள்ளியிலோ ஈயத்திலோ செய்த கரண்டிகளும் வந்தன.

அக்கால ஆங்கிலேயர் கத்தி, விரல், கரண்டி ஆகிய மூன்றைக் கொண்டுதான் சாப்பிட்டார்கள். முள்கரண்டி அவர்கள் மேசைக்கு வரவில்லை. தாமஸ் கோரியட் என்ற பயணி இத்தாலியில் தாம் கண்ட முள்கரண்டிப் பழக்கத்தை 1611-இல் ஒரு புதுமையாக விவரித்து எழுதுகிறார். கூழும் கஞ்சியும் சாறும் உண்ட மக்களுக்குக் கரண்டி அன்றாடத் தேவை. வெள்ளி வாங்க வசதி உள்ளவர் சிலரே. மற்றவர்களுக்கு, தேய்த்துத் துலக்கினால் வெள்ளிபோலவே ஒளிரும் பியூட்டர் கிடைத்தது.

அச்சு சொன்னபடி

கரண்டியை வெண்கலத்தால் ஆன இரு பாதி அச்சில் வார்த்தார்கள். அச்சை இறுகப் பிடித்து உருகிய உலோகத்தை ஊற்றினால் சில நொடிகளில் உறைந்துவிடும். பிறகு பிசிறுகளை அரத்தால் ராவி, சுரண்டி, மெருகேற்றுவார்கள். உலோகம் மலிவு, அச்சுதான் விலை உயர்ந்தது. ஒரு பட்டறையின் பெருஞ்சொத்தே அதுதான். தந்தையிடமிருந்து மகனுக்கும், இறந்தவரிடமிருந்து வாங்கியவருக்கும் அச்சுகள் கைமாறின.

பியூட்டர் கரண்டியின் வடிவ வரலாற்றையே இது தீர்மானித்தது. வெள்ளிக் கொல்லர் தகட்டை அடித்து உருவாக்குகிறவர். புதிய பாணி வந்தால் மறுநாளே மாறிக்கொள்ளலாம். பியூட்டர் வார்ப்பவர் அச்சு தேயும் வரை பழைய வடிவத்தை விடமாட்டார். ஆகவே ஒரு பியூட்டர் கரண்டியின் வடிவம், அது எந்தக் காலத்துக்கு முன்னால் தோன்றியிருக்க முடியாது என்பதைச் சொல்லும். எந்தக் காலம் வரை வார்க்கப்பட்டது என்பதைச் சொல்லாது.

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுக் கரண்டிகளின் குழி அத்திப்பழ வடிவில் இருக்கும். நுனிப்பக்கம் அகன்று, காம்பை நோக்கி ஒடுங்கும். காம்பு மெல்லியதாக, பெரும்பாலும் அறுகோணமாக இருக்கும். காம்பின் முடிவில் ஒரு குமிழ். கைவினைஞரின் கற்பனை முழுவதும் அந்தக் குமிழில்தான் இறங்கியது. ஓக் மரத்தின் கொட்டை, உருண்டை, வைரமுனை, முறுக்கிய பந்து, அமர்ந்த சிங்கம், முத்திரைக் கட்டைபோன்ற தட்டையான தலை என்று வகை வகையாகச் செய்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுப் பெண்கள் அணிந்த, இரு கொம்புகள் போல எழும் தலையணியோடு கூடிய பெண் முகம் ஒன்று உண்டு. கன்னி மரியாளின் தலை இன்னொன்று. இயேசுவின் சீடர்களின் உருவங்களும் உண்டு. ஞானஸ்நானப் பரிசாகப் பணக்காரர் வெள்ளியில் கொடுத்ததை எளியவர் பியூட்டரிலும், பித்தளையோடு ஒத்த லாட்டன் என்ற உலோகத்திலும் வைத்துக்கொண்டார்கள்.

குமிழே இல்லாமல், காம்பைச் சாய்வாக வெட்டிவிட்டது போன்ற ஒரு வகையும் இருந்தது. உருவ வழிபாட்டை வெறுத்த பியூரிட்டன்கள் கரண்டிகளின் தலைகளை வெட்டியெறிந்ததால் இது பிறந்தது என்று ஒரு கதை பரவியிருக்கிறது. காலக்கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சாய்வெட்டுக் கரண்டிகள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உயில்களில் பேசப்படுகின்றன; பியூரிட்டன்கள் ஆட்சிக்கு வந்ததோ அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து. அவர்கள் காலத்தோடு சேர்த்துச் சொல்லத்தக்கது வேறொரு வடிவம்: தட்டையான, அலங்காரமற்ற காம்பு, நேராக வெட்டிய முனை, முட்டை வடிவை நோக்கி நகரும் குழி. இன்று நம் கையில் இருக்கும் கரண்டியின் முன்னோர் அதுதான்.

1660-இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி அரியணை ஏறியபோது பிரெஞ்சு அரசவையின் பாணிகளும் உடன் வந்தன. கரண்டியின் தட்டைக் காம்பு முனையில் அகன்று, இரண்டு வெட்டுகளால் மூன்று இதழாகப் பிரிந்தது. குழியின் பின்புறத்தில், காம்பிலிருந்து இறங்கும் மெல்லிய முதுகெலும்பு ஒன்று வந்தது. எலிவால் என்று அதற்குப் பெயர். மெல்லிய குழி காம்போடு சேரும் இடம்தான் முதலில் மடங்கும். எலிவால் அந்த இடத்துக்கு வலுவும் அழகும் சேர்த்தது.

காம்பின் முனை அகன்றதும் அங்கே படம் போட இடம் கிடைத்தது. 1689-இல் வில்லியமும் மேரியும் கூட்டாக முடிசூடியபோதும், 1702-இல் ஆன் அரசியானபோதும், அவர்களுடைய உருவங்கள் பியூட்டர் கரண்டிகளில் புடைப்பாக வந்தன. அச்சில் ஒருமுறை செதுக்கிவிட்டால் எத்தனை ஆயிரம் கரண்டிகளிலும் அரசியின் முகம் விழும். அரண்மனையை எட்டிப் பார்த்திராத உழவர் வீட்டுக் கஞ்சிக் கிண்ணத்தில் அரச குடும்பம் வந்து சேர்ந்தது இப்படித்தான். பிறகு முனை அலையாக நெளிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டமாக முடிந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வளைவு மறுபுறம் திரும்பியது. அதன் பிறகு வடிவம் பெரிதாக மாறவில்லை.

காரீயத்தைக் காட்டிக்கொடுத்த தராசு

வடிவம் காலத்தைச் சொல்லும். முத்திரைதான் மனிதரைச் சொல்லும். லண்டன் பியூட்டர் கைவினைஞர்கள் 1348-இலேயே தங்கள் தொழிலுக்கு விதிமுறைகள் வகுத்து நகராட்சியின் ஒப்புதல் பெற்றார்கள். எந்தப் பொருளை நல்ல கலவையில் மட்டுமே செய்ய வேண்டும், எதில் காரீயம் சேர்க்கலாம், அதுவும் எந்த அளவு வரை என்று அந்த விதிகள் வரையறுத்தன. 1474-இல் நான்காம் எட்வர்டு அவர்கள் சங்கத்துக்கு அரச சாசனம் வழங்கினார். நாடு முழுவதும் கடைகளிலும் சந்தைகளிலும் நுழைந்து சோதனை செய்து, கெட்ட சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அதனால் கிடைத்தது. ஏழாம் ஹென்றியின் ஆட்சியில், 1503–04-இல் வந்த சட்டம், பியூட்டர் பொருளில் செய்தவர் தம் முத்திரையைக் குத்தியே தீரவேண்டும் என்றது.

சோதனை முறை எளிமையானது. சந்தேகத்துக்குரிய பொருளில் கொஞ்சம் உருக்கி ஒரு சிறு அச்சில் வார்ப்பார்கள். அதே அச்சில் வார்த்த தூய வெள்ளீயத் துண்டோடு சேர்த்துத் தராசில் வைப்பார்கள். ஒரே கனஅளவில் வெள்ளீயம் 7.3 பங்கு எடை என்றால் காரீயம் 11.3 பங்கு. கலப்படம் செய்தவருடைய துண்டு தாழ்ந்துபோகும். எத்தனை குன்றிமணி எடை கூடுகிறதோ அத்தனைக்குக் குற்றம். கண்ணுக்குத் தெரியாத ஏமாற்றைத் தராசு எல்லார் முன்னிலையிலும் காட்டிவிடும். தேறாத சரக்குக்கு அம்புக்குறி இட்டு ஒதுக்கினார்கள். செய்தவர் அபராதம் கட்டினார்.

இந்தத் தொழிலில் மூன்று பிரிவுகள் இருந்தன. தட்டுகள் செய்வோர், குவளை போன்ற குழிவான பாத்திரங்கள் செய்வோர், கரண்டி, பொத்தான், பொம்மை போன்ற சில்லறைச் சாமான்கள் செய்வோர். கரண்டிக்காரர்கள் மூன்றாவது பிரிவு. சங்கத்தின் படிநிலையில் அவர்களுக்குப் பெருமை குறைவு. ஆனால் விதி அவர்களுக்கும் ஒன்றுதான்.

தகட்டில் குத்திய வாக்குறுதி

பழைய கரண்டிகளில் முத்திரை குழியின் உட்புறத்தில், காம்போடு சேரும் இடத்துக்கு அருகே இருக்கும். மிகச் சிறியது. மணிகள் கோத்தது போன்ற வட்டத்துக்குள் இரண்டு எழுத்துகளும் ஒரு சின்னமும். பிறைநிலா, சாவி, அல்லிமலர், சில சமயம் ஒரு குட்டிக் கரண்டி. சாப்பிடுகிறவர் ஒவ்வொரு வாய்க்கும் அதைப் பார்த்தாக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காம்பு அகன்றபோது முத்திரை பின்புறம் போய்விட்டது.

குத்திய முத்திரை யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காகச் சங்க மண்டபத்தில் முத்திரைத் தகடுகள் இருந்தன. பயிற்சிக் காலம் முடித்து, சங்கத்தில் சேர்ந்து, சொந்தக் கடை வைக்க அனுமதி பெற்றவர், அந்தப் பொதுத் தகட்டில் தம் முத்திரையைக் குத்திப் பதிவு செய்ய வேண்டும். நாளைக்கு அவர் முத்திரையோடு கெட்ட கரண்டி ஒன்று பிடிபட்டால், தகட்டோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

1666 செப்டம்பரில் லண்டனை விழுங்கிய பெருந்தீயில் சங்க மண்டபம் எரிந்தது. பழைய தகடுகளும் அதோடு போயின. அதற்கு முந்தைய கரண்டி முத்திரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இன்று உரியவர் பெயர் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். 1668 அளவில் சங்கம் புதிய தகட்டைத் தொடங்கியது. அப்போது தொழில் செய்துகொண்டிருந்த முதியவர்களும் வந்து மறுபடி குத்தினார்கள். அன்று தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி வரை ஐந்து தகடுகள் நிரம்பின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைகள். ஐந்தும் பிழைத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரக் கைவினைஞர்கள் வைத்திருந்த இரண்டு தகடுகளும் இன்று இருக்கின்றன.

செய்தவரின் முத்திரையோடு வேறு குறிகளும் சேர்ந்தன. மகுடம் சூடிய ரோஜா நல்ல தரத்தின் அடையாளமாகத் தொடங்கியது. மகுடத்தோடு கூடிய எக்ஸ் குறி கடினமான உயர்ரகக் கலவையைச் சொன்னது. லண்டன் என்ற ஊர்ப்பெயரைத் தனிப் பட்டையாகக் குத்தினார்கள்; அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பால் வெளியூர்க்காரர்களும் அதையே குத்தினார்கள். வெள்ளிப் பொருள்களில் இருப்பது போன்ற நான்கு சிறு கேடய முத்திரைகளையும் பியூட்டரில் வரிசையாக வைத்தார்கள். பொற்கொல்லர் சங்கம் இதை எதிர்த்து முறையிட்டது; பழக்கம் நிற்கவில்லை. அந்த நான்கு கேடயங்களுக்கும் பியூட்டரில் எந்தச் சட்ட மதிப்பும் கிடையாது. வெள்ளியின் சாயலை விரும்பியவர்களுக்காகச் சேர்த்த அலங்காரம் அவை. பியூட்டரில் எடைபோட வேண்டிய குறி ஒன்றே ஒன்று: செய்தவர் தம் பெயரால் குத்தியது.

அதன் வலிமையைக் காட்ட அட்லாண்டிக் கடலின் மறுகரையில் கிடைத்த ஒரு துண்டு போதும். அமெரிக்கக் குடியேற்றங்கள் பியூட்டருக்கு இங்கிலாந்தையே நம்பியிருந்தன. அங்கே இருந்த கைவினைஞர்கள் பழைய உலோகத்தை உருக்கி மறுபடி வார்த்தார்கள். 1930-களில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் நடந்த அகழாய்வில் உடைந்த கரண்டிக் காம்பு ஒன்று வெளிவந்தது. மூவிதழ் முனை. அதில் குத்தியிருந்த முத்திரையில் ஜோசஃப் கோப்லாண்ட் என்ற பெயரும், சக்கடக் என்ற ஊரும், 1675 என்ற ஆண்டும் தெளிவாக இருந்தன. அமெரிக்க மண்ணில் வார்த்து, காலம் உறுதியாகத் தெரிந்த பியூட்டர் பொருள்களில் இதைவிடப் பழையது கிடைக்கவில்லை. அரசாங்க ஆவணமோ கல்வெட்டோ செய்யாத வேலையை, விரல் நீளத் துண்டில் இருந்த ஒரு முத்திரை செய்தது.

சேற்றிலிருந்து நூலுக்கு

லட்சக்கணக்கில் வார்த்த பொருள் ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது? பியூட்டர் சீக்கிரம் தேயும், வளையும். பழையதைக் கடைக்காரரிடம் எடைக்குக் கொடுத்து, கூலி மட்டும் தந்து புதியது வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தலைமுறையின் கரண்டியும் அடுத்த தலைமுறையின் கரண்டிக்குள் கரைந்துவிட்டது. தப்பியவை, தொலைந்து போனவை மட்டுமே. தேம்ஸ் நதியில் விழுந்தவற்றைக் காற்றுப் புகாத சேறு அரிக்காமல் காப்பாற்றியது. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலுக்குள் இருந்த பியூட்டர் சாமான்களைக் கடலடி வண்டல் காப்பாற்றியது.

ஹில்டன் பிரைஸ் என்ற லண்டன் வங்கியாளர் இந்தச் சாதாரணக் கரண்டிகளைப் பொறுமையாகச் சேகரித்து, முத்திரைகளைப் படமெடுத்து, 1908-இல் தனி நூலாக வெளியிட்டார். வெள்ளிக் கரண்டிக்கு மட்டுமே வரலாறு உண்டு என்று எண்ணியிருந்த காலத்தில் அது துணிச்சலான வேலை. அதற்கு முன்பே, 1902-இல், சார்லஸ் வெல்ச் சங்கத்தின் பதிவேடுகளைப் படித்து அதன் வரலாற்றை எழுதியிருந்தார். 1918-இல் பியூட்டர் சேகரிப்பாளர்களுக்கு ஓர் அமைப்பு உருவானது. 1929-இல் ஹோவர்டு ஹெர்ஷல் காட்டரல், ஆயிரக்கணக்கான கைவினைஞர்களையும் அவர்களுடைய முத்திரைகளையும் வரிசைப்படுத்திய பெருநூலைக் கொண்டுவந்தார். இன்றும் ஆய்வாளர்கள் முத்திரையைக் காட்டரல் எண்ணால் குறிப்பிடுவதுண்டு.

இந்த அறிவு ஏமாற்றுகளைத் தடுக்கவும் உதவுகிறது. மகுட ரோஜா இருந்தால் ஆங்கிலேயப் பொருள் என்று முடிவுகட்டக் கூடாது; நெதர்லாந்திலும் அண்டை நாடுகளிலும் அதே ரோஜாவைத் தாராளமாகக் குத்தினார்கள். பழங்கரண்டிகளுக்குச் சந்தை உருவானதும் சீடர் உருவக் கரண்டிகளின் போலிகள் வந்தன. அனுபவமுள்ளவர் முதலில் தேய்மானத்தைப் பார்ப்பார். வலக்கையால் உண்பவர் கிண்ணத்தின் அடியை வழித்து வழித்து, குழி நுனியின் இடப்புறம் தேய்ந்திருக்கும். இருபுறமும் சமமாக இருக்கும் "நானூறு ஆண்டுக் கரண்டி" மேசையைக் கண்டதே இல்லை என்று சந்தேகப்படலாம்.

பெயர் மட்டும் மிஞ்சியது

பதினெட்டாம் நூற்றாண்டில் சங்கத்தின் பிடி தளர்ந்தது. வெளியூர்களுக்குச் சென்று சோதிக்கும் வழக்கம் நின்றது. ஸ்டாஃபோர்ட்ஷயரின் பீங்கான் பாண்டங்கள் தட்டுகளின் இடத்தைப் பிடித்தன. ஷெஃபீல்டில் பிரிட்டானியா உலோகம் என்ற வேறொரு வெள்ளீயக் கலவை வந்தது. 1840-இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், வெள்ளிப் பூச்சுக் கரண்டி எல்லாருக்கும் எட்டும் விலைக்கு இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பியூட்டர், பிரிட்டானியா கரண்டிகளில் பர்மிங்ஹாமின் யேட்ஸ், ஷெஃபீல்டின் ஆஷ்பெரி ஆகிய பெயர்கள் முழு எழுத்தில் இருக்கின்றன. படிக்கத் தெளிவாக இருக்கும் இந்தப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுத் தகடு கிடையாது. தராசோடு கடை தேடி வரும் சோதனையாளரும் கிடையாது. முத்திரை வாக்குறுதியாக இருந்த காலம் முடிந்து, விளம்பரமாக மாறத் தொடங்கிய இடம் இது.

பழைய சங்கம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. அது ஏகபோகத்தைக் காத்தது, வெளியாரை ஒடுக்கியது. ஆனால் ஒன்றை அது விடாமல் பிடித்திருந்தது: பொருள் எவ்வளவு மலிவானாலும் அதைச் செய்தவர் யாரென்று வாங்கியவர் அறிய முடிய வேண்டும், தவறினால் அவரைக் கேட்கவும் முடிய வேண்டும். அரசர் வாங்கும் தட்டுக்கும் உழவர் வாங்கும் கரண்டிக்கும் இந்த உரிமையில் வேறுபாடு இல்லை. ஏழையின் வாய்க்குள் போகும் உலோகமும் சோதனைக்கு உரியது என்ற இந்த எண்ணத்தை, தொழில் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற மிக மேலான எண்ணங்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

வார்ப்பை விட்டுத் தகடாக உருட்டி, இயந்திரத்தில் அழுத்திப் பாத்திரம் செய்யும் வழியை ஷெஃபீல்டு எப்படிக் கண்டது, ஜேம்ஸ் விக்கர்ஸ் தொடங்கிய பிரிட்டானியா உலோகம் கைவினைப் பட்டறைகளை எப்படித் தொழிற்சாலைகளாக மாற்றியது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)